மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்

ரம் வேறு, பிராந்தி வேறு என்பது அவளுக்கு நாற்பத்தெட்டாவது வயதில்தான் தெரியவந்தது. அதுவரை எல்லாம் ஒரே வாடைதான். கணவர் அச்சகத்திலிருந்து திரும்பி, குளித்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்த பிறகு வீட்டில் பரவும் வாடை. அவர் போய் ஆறு வருஷம் ஆகியும் யாராவது பேருந்தில் அந்த வாடையோடு பக்கத்தில் வந்து நின்றால், இறங்க வேண்டிய இடத்துக்கு முன்பே இறங்கிவிடுவாள்.

அப்படிப்பட்டவள் மது பரிமாறும் வேலையைக் கற்றுக்கொள்ளப் போனதற்கு ஆசை காரணம் இல்லை. பதினெட்டு வருஷம் அவள் வேலை பார்த்த ஓட்டலில் துணி துவைக்கும் பகுதியை வெளிக் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரே காலையில் நாலு பெரிய மெஷின்களும் லாரி ஏறின. அதே வாரத்தில் லிஃப்டும் தானியங்கி ஆனது. அவளையும் லிஃப்ட் ஓட்டியவரையும் மேனேஜரம்மா கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"பார்ல ஒரே ஒரு எடம் காலியா இருக்கு. மூணு வாரம் கத்துக்குங்க. கடைசில நான் வந்து பாப்பேன். யாருக்கு நல்லா வருதோ அவங்களுக்கு. இன்னொருத்தருக்கு என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

சுற்றி வளைக்காமல் சொன்னதற்காக அவளுக்கு மேனேஜரம்மா மேல் மரியாதைதான் வந்தது. மகள் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். இருபத்து மூன்று வயது. மகள் சம்பாத்தியத்தில் கால்நீட்டி உட்கார அவளுக்கு மனசு ஒப்பாது. நாற்பத்தெட்டு வயதில் வேறு எங்கே போய் நிற்பது? சரி என்று தலையாட்டினாள்.

பகல் பத்து மணிக்கு பார் வேறு மாதிரி இருந்தது. நாற்காலிகள் மேஜைமேல் தலைகீழாக ஏறி உட்கார்ந்திருந்தன. திரையை விலக்கியதும் வெயில் நேராகப் பாட்டில் அடுக்கில் விழுந்து, எந்தப் பாட்டிலில் எவ்வளவு தூசு என்று காட்டிக்கொடுத்தது. சொல்லிக்கொடுக்க வந்த பார் தலைவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கண்ணாடி அத்தனை தடிமன். ஓட்டல் முழுக்க அவனைச் சோடாபுட்டி என்றுதான் சொல்வார்கள், அவனும் கோபிப்பதில்லை.

"லாண்டரியக்கா, நீங்க என்னைச் சார்னு கூப்பிட வேணாம்" என்றான்.

"பழகிருச்சு சார்."

"நான் கூப்பிடறேன் தம்பின்னு" என்றார் லிஃப்ட்காரர். "எத்தனை தடவை உன்னை மேல ஏத்தியிருக்கேன்."

முதல் நாள் அடுப்புப் பாடம். கொதிக்கிற பானையின் மூடியைத் திருப்பினால் உள்பக்கம் சொட்டுச் சொட்டாக நிற்குமே, அதுதான் மொத்தக் கதையும் என்றான் சோடாபுட்டி. "புளிச்ச தானியமோ கரும்புப் பாகோ திராட்சையோ, எதுவா இருந்தாலும் அதுக்குள்ள ரெண்டு பேர் இருக்காங்க. ஆல்கஹால் அவசரக்காரன். தண்ணி நிதானக்காரன். சூடு பட்டதும் அவசரக்காரன் முதல்ல ஆவியாகி ஓடுவான். ஓடறவனப் பிடிச்சுக் குளிர வெச்சா அதுதான் சரக்கு."

"என் மச்சான் மாதிரி" என்றார் லிஃப்ட்காரர். "வீட்ல ஒரு வேலைன்னா அவன்தான் முதல்ல ஓடுவான்."

"முதல்ல ஓடி வர்றதும் ஆகாது அண்ணே, கொட்டிருவாங்க. கடைசில வர்றதும் ஆகாது. நடுவுல வர்றதுதான் குடிக்கிறது. பொறக்கும்போது எல்லாமே நிறமில்லாமதான் பொறக்கும். அப்புறம் மரப்பீப்பாய்ல கெடந்து கெடந்து நிறம் ஏறும்."

அவள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். தானியம், விஸ்கி. கரும்பு, ரம். திராட்சை, பிராந்தி. எதிலிருந்து வந்தாலும் வாசனையைக் கழுவி எடுத்துவிட்டால் வோட்கா. அதிலேயே ஒரு மலைச்செடியின் காயைப் போட்டு மறுபடி காய்ச்சினால் ஜின். எழுதுகிறவரை எல்லாம் சுலபமாக இருந்தது. அச்சு மையில் வேலை பார்த்த மனிதரின் வீட்டில் இருபது வருஷம் இருந்தும் இந்தப் பெயர்களை அவள் எழுதிப் பார்த்ததில்லை.

பிறகு கிளாஸ்கள் வந்தன. "மூக்கை உள்ள விடாதீங்க, எரியும். கிளாஸைத் தாடைகிட்ட வெச்சு, வாயைக் கொஞ்சம் திறந்து மெதுவா இழுங்க. ஒரு கிளாஸுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல உங்க சட்டைக் கையை மோந்து பாருங்க. மூக்கு பழைய எடத்துக்கு வந்துரும். அப்புறம் ஒரு சொட்டு நாக்குல உருட்டி, இந்த டம்ளர்ல துப்பிடணும்."

லிஃப்ட்காரர் துப்பவில்லை. "கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துப் பழக்கமில்ல தம்பி."

அவள் விஸ்கியைத் தாண்டினாள். பிராந்தியைத் தாண்டினாள். மூன்றாவது கிளாஸைத் தாடைக்குக் கொண்டுபோனபோது, இடது தோளுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

திரும்பிப் பார்த்தாள். நாற்காலிகளின் கால்கள்தான் மேலே நீட்டிக்கொண்டிருந்தன.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. இது எது?"

"ரம்மு."

ஆக, அவர் குடித்தது ரம். ஆறு வருஷத்துக்குப் பிறகு ஒரு தகவல்.

அவளுடைய ரகசியத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் அடிக்கிறவர் இல்லை, திட்டுகிறவர் இல்லை. குடித்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார், அவ்வளவுதான். முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது? அதனால் அவள் சண்டை போடவில்லை. அவர் காலையில் அச்சகத்துக்குக் கிளம்பியதும், செருப்பு அலமாரிக்குப் பின்னால் அவர் லேபிளைக் கிழித்து ஒளித்து வைத்திருக்கும் பாட்டிலை எடுத்து, கொஞ்சத்தைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, அந்த அளவுக்குக் குழாய்த் தண்ணீர் பிடித்து வைப்பாள். மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் கண்டுபிடித்துவிடுவார் என்று, ஒவ்வொரு தடவையும் பாட்டில் வாயை மோந்து பார்த்துத்தான் மூடுவாள். நிறம் வெளுத்தது தெரியாதபடி ஜன்னலில்லாத அந்த மூலையிலேயே திரும்ப வைப்பாள்.

பதினோரு வருஷம். ஒரு நாள்கூடத் தவறவில்லை. அவரும் ஒரு நாள்கூட ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஈரல் கெட்டுத்தான் போனார். ஆனாலும் டாக்டர், "இவ்வளவு நாள் தாங்குனதே பெரிசு" என்று சொன்னபோது அவளுக்குள் ஒரு பெருமை எழுந்தது நிஜம். அந்த ஒரு பங்குதான் தாங்கியது என்று நினைத்தாள். அந்தப் பெருமை ஒரு நாள்தான் நிம்மதியாக இருந்தது. சடலத்தை எடுத்துப்போன பிறகு, உறவுக்காரி ஒருத்தி ஆறுதலாகச் சொன்னாள்: "இனிமே அவருக்கு எல்லாம் தெரியும். மேலேருந்து எல்லாத்தையும் பாப்பாரு."

எல்லாத்தையும் என்றால் பாட்டிலையும்தானே? அன்றிலிருந்து இடது தோளுக்குப் பின்னால் யாரோ நின்றார்கள். துணி மடிக்கும்போது இல்லை, சமைக்கும்போது இல்லை. எதையாவது ஊற்றும்போது மட்டும். பால், எண்ணெய், மருந்து. அவர் எதுவும் சொல்வதில்லை. உயிரோடு இருந்தபோதே பேசாதவர். நின்று கையைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

இரண்டாவது வாரம் ஊற்றும் பாடம் வந்தபோது விஷயம் முற்றியது.

அந்த ஓட்டலில் அளவுக் கிண்ணம் கிடையாது. பாட்டில் வாயில் ஒரு உலோக மூக்கு செருகியிருக்கும். கவிழ்த்து, மனதுக்குள் நாலு எண்ணினால் அறுபது மில்லி. பிறகு அதைக் கோடுபோட்ட கண்ணாடிக் குழாயில் விட்டுச் சரிபார்ப்பான் சோடாபுட்டி. அவள் வாய் ஒழுங்காக நாலு எண்ணியது. கை மட்டும் மூன்றுக்கு முன்பே பாட்டிலை நிமிர்த்திவிட்டது.

"நாப்பது" என்றான் அவன். "இன்னொரு தடவை."

நாற்பது. மறுபடி நாற்பத்தொன்று. பிறகு நாற்பது.

"அக்கா, தப்புன்னா கூடக்குறைய இருக்கணும். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி தப்பு செய்ய எப்படி முடியுது?"

"கை நின்னுருது சார்."

"பார்ல இதுக்குப் பேரு திருட்டு. வர்றவங்க சும்மா விடமாட்டாங்க."

திருட்டு என்ற சொல் விழுந்ததும் தோளுக்குப் பின்னால் மூச்சு விடுவதுபோல் இருந்தது. லிஃப்ட்காரர் தன் பங்குக்குக் கவிழ்த்தார், எண்பது வந்தது. "நம்ம ரெண்டு பேரையும் ஒண்ணாக் கலக்கி ஆளுக்குப் பாதியா ஊத்துனா சரியா அறுபது வரும் லாண்டரி. மேனேஜரம்மாகிட்ட சொல்லிப் பாரு, ஒரு எடத்துக்கு ரெண்டு பேரு."

சிரிப்பு வந்தது. ஆனால் அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எது வந்தது, எது வரவில்லை என்று எண்ணிக்கொண்டே போனாள். பெயர்கள் மனப்பாடம் ஆகிவிட்டன. எலுமிச்சையோ வேறு பழச்சாறோ சேர்ந்தால் மூடிக் குலுக்க வேண்டும், சரக்கும் சரக்கும் மட்டும் சேர்ந்தால் நீளக் கரண்டியால் கலக்க வேண்டும் என்பது வந்துவிட்டது. கிளாஸ் நிறைய ஐஸ் போட்டால் மெதுவாகக் கரையும், கஞ்சத்தனமாக ரெண்டு துண்டு போட்டால் சீக்கிரம் கரைந்து நீர்த்துவிடும் என்பதும் தெரிந்தது. கைதான் வேலையைப் பறித்துவிடும் போலிருந்தது.

காலிப் பாட்டில் ஒன்றையும் உலோக மூக்கையும் கேட்டு வாங்கி வந்திருந்தாள். தொட்டியருகே நின்று, பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, கவிழ்த்து எண்ணினாள். மகளின் பழைய மருந்துக் குப்பியில் கோடு பார்த்தாள். அறுபது. இன்னொரு தடவையும் அறுபது.

"சரியாத்தானே வருது?" என்றாள் கதவில் சாய்ந்து நின்ற மகள்.

"தண்ணின்னா வருது."

மகள் பாட்டிலையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "அந்தச் சட்டையைப் பால்கனில போடும்மா" என்றாள். "நீ உள்ள வரும்போது அப்பா வர்ற மாதிரியே இருக்கு."

குறையாகச் சொன்னாளா, ஏக்கமாகச் சொன்னாளா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. சட்டையைக் கொண்டுபோய் பால்கனிக் கம்பியில் மாட்டினாள். காற்றில் அது தோளைக் குலுக்கிக்கொண்டே இருந்தது. கதவைச் சாத்தினாள்.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள் சோடாபுட்டி ஜின்னை ஐஸோடு கலக்கிக் காட்டினான். கலக்குவதற்கு முன்பும் பின்பும் அளந்தான், பின்பு கூடியிருந்தது. "பாருங்கக்கா, ஐஸ் கரைஞ்சது. எல்லாரும் தண்ணியை எதிரின்னு நினைக்கிறாங்க. கொஞ்சம் தண்ணி இல்லன்னா இது தொண்டையை அறுக்கும். தண்ணி பட்டாத்தான் வாசனை திறக்கும். அளவா இருந்தா தண்ணியும் ஒரு சரக்குதான்."

"மூணுல ஒரு பங்கு விட்டா?" அவளையறியாமல் கேட்டுவிட்டாள்.

"எதுக்கு விடறீங்கங்கறதைப் பொறுத்து. குடிக்கிறவன் கேட்டு விட்டா மருந்து. கேக்காம விட்டா மோசடி."

அவள் நோட்டில் அதை எழுதவில்லை.

பரீட்சை அன்று மேனேஜரம்மா சரியாகப் பதினொரு மணிக்கு வந்து உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தாள். சோடாபுட்டி பெயரில்லாத ஐந்து கிளாஸ்களை ஆளுக்கு ஒரு வரிசையாக வைத்தான். எல்லாம் ஒரே ஊதாநிறக் கிளாஸ். உள்ளே நிறம் தெரியாது. லிஃப்ட்காரர் முதலில். மோந்தார், உருட்டினார், விழுங்கினார். நாலு சரியாகச் சொன்னார். வோட்காவை மட்டும் ஜின் என்றார். ஐந்தாவதை முடித்தபோது முகம் நன்றாகச் சிவந்திருந்தது; ஊற்றச் சொன்னதற்கு மறுபடி எண்பது வந்தது. "அம்மா, இந்த வேலை எனக்குக் கிடைச்சாலும் கிடைக்காட்டாலும் இன்னைக்கு எனக்கு நல்ல நாள்" என்றார். மேனேஜரம்மா சிரிக்காமல் ஏதோ குறித்துக்கொண்டாள்.

அவள் முறை வந்தது. ஜின். சட்டைக் கை. வோட்கா. சட்டைக் கை. பிராந்தி. நாலாவதைத் தாடைக்குக் கொண்டுபோனபோது தோளுக்குப் பின்னால் செருமல் கேட்டது. எதிர்பார்த்திருந்தாள். ஆனால் கிளாஸிலிருந்து வந்தது வேறு ஏதோ. வாசனை எழுந்து வராமல் அடியிலேயே படுத்திருந்தது. பதினோரு வருஷம் காலை எட்டரை மணிக்குப் பாட்டில் மூடியைத் திருகுமுன் மோந்த அதே மூச்சு.

"இது ரம்மு" என்றாள். "ஆனா தண்ணி விட்டிருக்கு."

சோடாபுட்டி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டான். "எவ்வளவு?"

"மூணுல ஒரு பங்கு."

அவன் மேனேஜரம்மாவைத் திரும்பிப் பார்த்தான். "ரெண்டு வரிசைலயும் வெச்சேன்மா. சும்மா ஒரு பொறி. எனக்கே இது பிடிபட நாலு வருஷம் ஆச்சு." பிறகு இவளிடம், "நாக்குல வைக்காமலே சொல்லிட்டீங்களேக்கா!"

"வாசனை எழும்பல சார்." கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "தினம் குடிக்கிறவங்களுக்கு இது தெரியாமப் போகுமா?"

"தினம் குடிக்கிறவங்களுக்கா?" அவன் சிரித்துவிட்டான். "கண்ணைக் கட்டிவிட்டாலும் முதல் வாய்லயே தெரிஞ்சிரும். பெத்த புள்ளையை மாத்தி வெச்சா ஏமாந்தாலும் ஏமாறுவான், அதுல ஏமாற மாட்டான்."

அவள் அடுத்த கிளாஸை எடுத்தாள். ஐந்தாவது விஸ்கி; அதையும் சொன்னாள். பிறகு ஊற்றச் சொன்னார்கள். பாட்டிலைக் கவிழ்த்தாள். பின்னால் அவர் நின்றார். இத்தனை நாள் கண்டுபிடித்துவிடுவார் என்று அவள் பயந்த மனிதர் இல்லை அவர். எப்போதோ கண்டுபிடித்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு குடித்த மனிதர். மூன்று தடவை ஊற்றினாள். ஐம்பத்தெட்டு, அறுபது. மூன்றாவது தடவை கை பழையபடி நின்றுவிட்டது. நாற்பது.

மேனேஜரம்மா எழுந்து புடைத்துக்கொண்ட பையைத் தோளில் மாட்டினாள். "மூக்குக்கு வேலை கொடுத்தாச்சு. கைக்கு ஒரு மாசம் டைம். அதுக்குள்ள அறுபது அறுபதா நிக்கணும். நிக்கலன்னா என்கிட்ட வந்து அழக்கூடாது."

"அழ மாட்டேம்மா."

லிஃப்ட்காரர் கையைக் குலுக்கினார். "நான் குடிச்சேன், நீ மோந்தே. மோந்தவதான் ஜெயிச்சா. ஊர்ல சொன்னா நம்ப மாட்டாங்க." சொல்லிவிட்டுப் போனவர், வாசலில் லிஃப்ட் பொத்தானைப் பழக்கதோஷத்தில் யாருக்காகவோ அழுத்தி, கதவு திறக்கக் காத்திராமல் படியில் இறங்கினார்.

மகள் சாயங்காலம் வந்தபோது அவள் புதுச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"கிடைச்சிருச்சா? கிடைச்சிருச்சுன்னா ஏன் மூஞ்சி இப்படி?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. அப்பா பாட்டில்ல நான் தண்ணி கலந்தது உனக்குத் தெரியுமா?"

மகள் பையைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்தாள். "தெரியும்."

"அவருக்கு?"

"அவர்தாம்மா எனக்குச் சொன்னாரு. நான் எட்டாவது படிக்கறப்போ. கிளாஸை லைட்டுல தூக்கிப் பாத்து, 'இன்னைக்கு உங்கம்மா கொஞ்சம் தாராளம்'னு சிரிச்சாரு. உன்கிட்ட சொல்லாதேன்னாரு. தெரிஞ்சா சங்கடப்படுவான்னாரு."

அவளுக்கு மார்புக்குள் ஏதோ இளகியது. சுவரைப் பார்த்த முதுகு, அதற்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. இத்தனை வருஷமும் அந்த முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

"அது தெரிஞ்சும் குடிச்சாரா?"

மகள் நகத்தைப் பார்த்தாள். "குடிச்சாரு. குடிச்சிட்டு, பிரஸ்ஸுல ஒரு வேலை விட்டுப்போச்சு, பாத்துட்டு வர்றேன்னு போவாரில்ல?"

"ஆமா. மிஷின் துடைக்க."

"இன்னொரு பாட்டில் அங்க இருந்துச்சும்மா. காகித ரோலுக்குப் பின்னாடி. ஒரு தடவை சாவி கொடுக்கப் போனப்போ பாத்தேன்."

மகள் அவளருகே வந்து நின்றாள். தொடவில்லை. பிறகு குளிக்கப் போனாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

அவள் சமையலறைக்குப் போய் குடிக்கத் தண்ணீர் ஊற்றினாள். செம்பைச் சாய்த்ததும் அவர் வந்துவிட்டார். வழக்கம்போல இடது தோளுக்குப் பின்னால். அச்சு மையும் ரம்மும் சேர்ந்த வாசனை. பெயர் தெரிந்த பிறகு அதைப் பிரித்து அறிய முடிந்தது. இது மை, இது ரம். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குப் பயம் வரவில்லை. கோபம் வந்தது. இருபது வருஷக் கல்யாணத்தில் போடாத சண்டைக்கான கோபம் மொத்தமும் வந்தது.

"காகித ரோலுக்குப் பின்னாடியா?" என்றாள், தொட்டியைப் பார்த்தபடியே. "மிஷின் துடைக்கப் போனீங்களா? வாசல்ல நின்னு டார்ச் எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னேனே, தலையாட்டுனீங்களே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஏண்டி கலக்கறேன்னு கேட்டிருந்தா என்ன? கேட்டிருந்தா நானும் கேட்டிருப்பேன், ஏன் குடிக்கிறீங்கன்னு. அதுக்குத்தானே பயந்தீங்க?"

அவர் போகவில்லை. திட்டினால் போய்விடுவார் என்றுதான் நினைத்திருந்தாள். நின்றார். குளியலறையில் குழாய் நின்றது. மகள் வெளியே வருவதற்குள் பேசி முடிக்க வேண்டும். அவள் டம்ளர் நிரம்ப நிரம்ப ஊற்றி, செம்பைக் கீழே வைத்து, குரலைத் தணித்துக்கொண்டாள்.

"நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு எனக்கு வேலை. வர்றதுன்னா வாங்க, வேணாங்கல. ஆனா கையைப் பிடிக்காதீங்க."